உட்கார வெச்சவர் நல்லவராம், எழுந்து போனவன் துரோகியாம்

துரோகிங்கிற வார்த்தை ரொம்ப மலிவாப் போச்சுங்க. கட்சி மாறினவனுக்குச் சொன்னாங்க, சரி. சொத்தை எழுதி வாங்கிட்டு அப்பனைத் தெருவுல விட்டவனுக்குச் சொன்னாங்க, அதுவும் சரி. பத்தொம்பது வயசுப் பையன் ஒருத்தன், "இங்க என்னை ஆடவே விடமாட்டேங்கறாங்க, ஆட விடுற இன்னொரு காலேஜுக்குப் போறேன்"னு கிளம்பினதுக்கு அந்த வார்த்தையைப் போடுறதை நான் அமெரிக்காவுலதான் கேட்டேன். சொன்னவரும் வேத்து ஆள் இல்லை, எங்க மாப்பிள்ளை.

வாய்க்கால் தண்ணி, மஞ்சள் விலைன்னு எழுதிட்டிருக்கிறவனுக்கு அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுல என்ன வேலைன்னு கேப்பீங்க. மகள் பிரசவத்துக்காக 2018 ஆடி கழிஞ்சு நானும் வீட்டுக்காரம்மாவும் அட்லாண்டா போனோம். பொங்கலுக்கு ஊர் திரும்புற வரைக்கும் அங்கதான். பேத்தியைத் தூங்க வைக்கிறதும் டிவி பார்க்கிறதும் தவிர எனக்கு அங்க வேற சோலி இல்லை. சனிக்கிழமை ஆனா அந்த ஊர் மொத்தமும் சிவப்புச் சட்டை போட்டுக்கும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோட ஃபுட்பால் ஆட்டம். நம்ம கால்பந்து இல்லைங்க. தலையில ஹெல்மெட், தோள்ல கவசம், தேங்கா மாதிரி நீள்வட்டமா ஒரு பந்து, அதைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுறது. ஏத்தென்ஸ்ங்கிற ஊர்ல அவங்க மைதானத்துல அப்ப 92 ஆயிரம் பேர் உட்காரலாம். ஆடுறது காலேஜ் பசங்க. மாப்பிள்ளை எம்.எஸ். படிச்சது அந்தக் காலேஜ்தான், அதனால அவருக்கு அது குலதெய்வம்.

அந்த வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி அட்லாண்டாவுலேயே ஜார்ஜியாவுக்கும் அலபாமாவுக்கும் பெரிய ஆட்டம். ஜார்ஜியா முன்னாடி போய்க்கிட்டே இருந்து கடைசியில 35-க்கு 28-னு தோத்துப் போச்சு. மாப்பிள்ளை அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. ரெண்டு வாரம் கழிச்சு, ஜார்ஜியா அணியில இருந்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸ்ங்கிற பையன் வேற காலேஜுக்குப் போறான்னு சேதி வந்துச்சு. "பார்த்தீங்களா மாமா, தோத்த உடனே ஓடுறான். ஒரு வருஷம் பொறுக்க முடியல. துரோகி மாமா இவன்"னு சொன்னார். அன்னிக்கு எனக்கு அந்த ஆட்டத்தோட தலையும் புரியல, வாலும் புரியல, சும்மா இருந்துட்டேன். அதுக்கப்புறம் ஊர்லேர்ந்து செல்போன்ல பார்த்து, படிச்சு, மாப்பிள்ளையையே தொந்தரவு பண்ணிக் கேட்டு ஓரளவு தெரிஞ்சுக்கிட்டேன். தெரியத் தெரியக் கோவம்தான் வருது. பையன் மேல இல்லை.

முதல்ல கணக்கைப் பாருங்க. ஒரு பெரிய காலேஜ் ஃபுட்பால் அணியில 85 பேருக்கு உதவித்தொகை கொடுக்கலாம்னு 2025 வரைக்கும் பல வருஷமா விதி இருந்துச்சு. மைதானத்துல ஒரு நேரத்துல இறங்குறது 11 பேர். ஓடுறவன், முட்டித் தள்ளுறவன் எல்லாம் மாத்தி மாத்தி உள்ளே வருவான், அவங்களுக்குப் பரவாயில்லை. குவார்ட்டர்பேக்னு ஒருத்தன் இருக்கான். பந்தை வாங்கி யாருக்கு எறியணும்னு முடிவு பண்றவன். அவன் ஒரே ஆள்தான். அவனுக்கு அடிபட்டாத்தான், இல்லை ரொம்ப சொதப்பினாத்தான் அடுத்தவனுக்கு வாய்ப்பு. ஒவ்வொரு அணியிலயும் அந்த ஓர் இடத்துக்கு மூணு, நாலு பேரைச் சேர்த்து வெச்சிருப்பாங்க. சேர்க்கும்போது நாலு பேர் வீட்டுக்கும் கோச்சே நேர்ல போவார். அவங்க அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, "உன் பையன்தான் எங்க எதிர்காலம்"னு சொல்லிட்டு வருவார்.

பையனுக்கோ காலம் கம்மி. அஞ்சு வருஷத்துக்குள்ள நாலு சீசன் ஆடி முடிக்கணும். மேல தொழில்முறையா ஆடுற என்.எஃப்.எல்.-க்கு நேரா போகவும் முடியாது, ஹைஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் ஆகியிருக்கணும். அங்க போக இது ஒண்ணுதான் நடைமுறையில இருக்கிற வழி. கிரிக்கெட்ல மாதிரி ரஞ்சி, லீக், கிளப்புன்னு நாலு வாசல் கிடையாது. அந்த மூணு நாலு வருஷத்துல ஆடிக் காட்டாதவனை யாரும் சீந்த மாட்டாங்க.

குறுகிய கால நெல்லுன்னா 20 நாள், 22 நாள்ல நாத்தைப் பிடுங்கி நட்டுடணும்னு எங்க ஊர்ல சின்னப் பொடிசுக்கும் தெரியும். நாற்றங்கால்லயே 40 நாள் விட்டா என்ன ஆகும்? பச்சையாத்தான் இருக்கும், பார்க்க நல்லாத்தான் இருக்கும். நட்டா தூர் கட்டாது. மணியக்காரர் வயல்ல இடம் காலியாகட்டும்னு காத்திருந்து நாத்தை முத்த விடுறவனை நாங்க விசுவாசின்னு சொல்றதில்லை, கிறுக்கன்னு சொல்லுவோம்.

இப்ப ஜார்ஜியா குவார்ட்டர்பேக் இடத்தையே வரிசையாப் பாருங்க, மாப்பிள்ளையோட குலதெய்வத்தையே எடுத்துக்குவோம். 2016-ல அந்த இடத்துல ஆடினவன் ஜேக்கப் ஈசன். வாஷிங்டன் மாநிலத்துலேர்ந்து, நாட்டோட அந்தக் கோடியிலேர்ந்து வந்த பையன். 2017-ல முதல் ஆட்டத்துலேயே முழங்கால்ல அடி. ஜேக் ஃப்ரோம்ங்கிற புதுப் பையன் உள்ளே வந்தான், நல்லா ஆடினான், இடம் அவனுக்கே நிலைச்சிடுச்சு. ஈசனுக்குக் கால் சரியானதும் இடம் திரும்பக் கிடைக்கல. சொந்த மாநிலத்துக் காலேஜுக்குப் போயிட்டான். அவன் பண்ணின குத்தம் அடிபட்டது ஒண்ணுதான். அதுக்கு அவனுக்குத் தண்டனை வேற: மாறிப் போனா ஒரு வருஷம் ஆடக்கூடாது, சும்மா உட்காரணும்னு அப்ப விதி. 2018 பூரா உட்கார்ந்திருந்தான்.

அதே 2018-ல ஜார்ஜியா ஃபீல்ட்ஸைக் கொண்டுவந்து சேர்க்குது. அந்த வருஷம் நாட்டுலயே ரெண்டாவது சிறந்த பையன்னு பட்டியல் போட்டவங்க சொன்னாங்க. வெளியூர்க்காரனும் இல்லை, அட்லாண்டா பக்கத்துல கென்னசா. முன்னாடி இருக்கிற ஃப்ரோம் இவனைவிட ஒரே ஒரு வருஷம்தான் மூத்தவன். ஃப்ரோம் இருக்கிற வரைக்கும் இவன் உட்காரணும், எந்திரிக்கிறப்ப இவனோட காலமும் பாதி போயிருக்கும். இது சேர்க்கும்போது கோச்சுக்குத் தெரியாதா? அவர் விவரமான ஆளுங்க, தெரியாம இருக்காது.

நான் பார்த்த அந்த டிசம்பர் ஆட்டத்துல, 28-க்கு 28-னு சமமா நிக்கறப்போ, மூணு நிமிஷம் சொச்சம் மீதி இருக்கறப்போ, பந்தை உதைச்சு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டிய நேரத்துல ஃபீல்ட்ஸை உள்ளே விட்டு ஒரு தந்திரம் பண்ணிப் பார்த்தாங்க. உதைக்கிற மாதிரி நடிச்சு இவன்கிட்டப் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னாங்க. 11 கெஜம் ஓடணும். அலபாமாக்காரன் ஏமாறல, பிடிச்சுட்டான். அதுலேர்ந்துதான் ஆட்டம் கைமாறிப் போச்சு. சீசன் முழுக்க ஓரமா வெச்சிருந்த பையனை, எவனும் எதிர்பார்க்காத சூதாட்டத்துக்கு மட்டும் இறக்கிவிட்டா, தோத்த பழியில பாதி அவன் தலையில. அந்தத் திட்டம் போட்டவர் மேல மாப்பிள்ளைக்கு ரெண்டு நாள் கோவம். ஃபீல்ட்ஸ் மேல இன்னும் தீரல.

ஃபீல்ட்ஸ் ஒஹையோ ஸ்டேட் போனான். உட்காராம உடனே ஆட அனுமதியும் கிடைச்சது. 2019-ல 41 டச்டவுன் பந்து எறிஞ்சான், எதிராளி பிடிச்சது மூணே மூணு. 2021-ல என்.எஃப்.எல். தேர்வுல 11-வது ஆளா எடுத்தாங்க. ஃப்ரோம் விசுவாசமா ஜார்ஜியாவுலேயே மூணு வருஷம் ஆடினான், அவனை அஞ்சாவது சுத்துல எடுத்தாங்க. ஃப்ரோமைக் குறைச்சுச் சொல்லல, நல்ல பையன், நல்லா ஆடினான். ஆனா அவன் இருந்தது ஆடுற இடத்துல. ஆடுற இடத்துல இருக்கிறவனுக்கு விசுவாசம் ஒண்ணும் பெரிய சிரமம் இல்லை.

நான் ஸ்கூல்ல கபடி அணியில 12-வது ஆளு. ஏழு பேர் உள்ளே, அஞ்சு பேர் கோட்டுக்கு வெளியே. வட்டார அளவு, மாவட்ட அளவுன்னு ஒரு சீசன் முழுக்க எல்லா ஊருக்கும் போனேன், எல்லார் சட்டையும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அதுல பெருமை இல்லாம இல்லை. ஆனா "நீ ஏன் மனசு விட்டு உற்சாகமா கத்தல?"ன்னு உள்ளே ஆடினவன் ஒருத்தன் கேட்டான் பாருங்க, அந்தக் கேள்வி நாப்பது வருஷம் ஆகியும் எனக்கு ஆறல.

பொறுமைக்கு உதாரணமா மாப்பிள்ளை எப்பவும் எடுத்து நீட்டுறது ஜேலன் ஹர்ட்ஸை. அலபாமா ஆளு, மாப்பிள்ளைக்கு எதிரிதான், ஆனா துரோகி வாதத்துக்கு வசதியா இருக்கு. 2018 ஜனவரி 8, தேசிய இறுதி ஆட்டம், அதே அட்லாண்டா மைதானம், அதே ஜார்ஜியா எதிராளி. பாதி ஆட்டத்துல 13-க்கு 0-ன்னு பின்தங்கினதும் கோச் நிக் சேபன் ஹர்ட்ஸை வெளியே எடுத்துட்டு, டுவா டகோவைலோவாங்கிற புதுப் பையனை விட்டார். அவன் ஜெயிச்சுக் கொடுத்தான். ஹர்ட்ஸ் போகல. அடுத்த சீசன் முழுக்க ரெண்டாவது ஆளா உட்கார்ந்தான். நான் பார்த்த அந்த டிசம்பர் ஆட்டத்துல டுவாவுக்குக் கால்ல அடிபட்டதும் ஹர்ட்ஸ் உள்ளே வந்து, தோத்துக்கிட்டிருந்த ஆட்டத்தை மாத்தினான். அன்னிக்கு மாப்பிள்ளையைப் பட்டினி போட்டவனே அவன்தான். கேக்கவே உடம்பு சிலிர்க்குது, நானும் ஒத்துக்கறேன்.

ஆனா இந்தக் கதையை எல்லாரும் அங்கேயே நிறுத்திடறாங்க. அந்த மாசமே ஹர்ட்ஸ் டிகிரி வாங்கினான். டிகிரி முடிச்சவன் மாறினா உட்கார வேண்டியதில்லைன்னு விதி இருந்துச்சு. அடுத்த மாசமே கிளம்பி ஓக்லஹோமா போயிட்டான். அங்க ஒரு வருஷம் பிரமாதமா ஆடி, ஹைஸ்மன் விருதுல ரெண்டாவதா வந்தான். 2025 பிப்ரவரியில ஃபிலடெல்பியா அணிக்கு சூப்பர் பௌல் ஜெயிச்சுக் கொடுத்து, ஆட்ட நாயகனும் ஆனான். பொறுமையோட உருவம்னு நீங்க காட்டுற ஆளும் கடைசியில கால் பெருவிரலை வேற காலேஜ் பக்கம் திருப்பினவன்தான். உட்கார்ந்ததால அவனுக்கு என்.எஃப்.எல். கிடைக்கல. எழுந்து போய் ஆடினதால கிடைச்சது.

இப்ப பெரியவங்க பக்கம் வருவோம், ஏன்னா விசுவாசம்னு அதிகமாப் பேசுறது அவங்கதான்.

இதே சேபன் மிச்சிகன் ஸ்டேட்ல இருந்தார், எல்.எஸ்.யு. போனார், அங்கேர்ந்து மயாமி டால்ஃபின்ஸ் போனார். 2006 டிசம்பர்ல நான் அலபாமா கோச் ஆகப்போறதில்லைன்னு பத்திரிகைக்காரங்க முன்னாடி சொன்னார். 2007 ஜனவரி முதல் வாரம் அலபாமா கோச். 2021 நவம்பர் கடைசியில லிங்கன் ரைலி ஓக்லஹோமாவை விட்டு யு.எஸ்.சி. போனார். அதுக்கு அடுத்த நாள் பிரையன் கெல்லி நோட்டர் டாமை விட்டு எல்.எஸ்.யு. போறதா சேதி. அவர் அணி 12 ஆட்டத்துல 11 ஜெயிச்சு, சாம்பியன் போட்டிக்குக் கூப்பிடுவாங்களான்னு பசங்க காத்துக்கிட்டு இருக்காங்க. கோச் பத்து வருஷத்துக்கு ஒன்பதரைக் கோடி டாலர் ஒப்பந்தத்தோட கிளம்பிட்டார். இதுல யாரும் ஒரு வருஷம் உட்காரல. இதுக்குப் பேரு துரோகம் இல்லை, தொழில் முன்னேற்றம். அப்புறம் ரைலி பின்னாடியே கேலப் வில்லியம்ஸ்ங்கிற குவார்ட்டர்பேக் பையன் யு.எஸ்.சி.க்குப் போனப்போ மட்டும் "இந்தக் காலத்துப் பசங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. கூப்பிட்டு வந்தவர் போயிட்டார், பையன் யாருக்கு விசுவாசமா இருக்கணும், கட்டடத்துக்கா?

வேலையை விட்டுத் துரத்தினாக்கூட அவங்களுக்குக் காசு. 2023-ல டெக்சஸ் ஏ அண்ட் எம், ஜிம்போ ஃபிஷரை நீக்கினப்போ அவருக்குத் தர ஒத்துக்கிட்ட தொகை ஏழரைக் கோடி டாலருக்கும் மேல. பசங்க பக்கம் பாருங்க. 1973-லேர்ந்து 2012 வரைக்கும் உதவித்தொகை ஒரு வருஷத்துக்கு மட்டும்தான். வருஷா வருஷம் கோச் மனசு வெச்சாப் புதுப்பிக்கலாம், இல்லைன்னா போடான்னு அனுப்பலாம். அவர் அனுப்பினா நிர்வாகம். அவனாப் போனா துரோகம். 2018 அக்டோபர் வரைக்கும், போறதுக்கு முன்னாடி இன்னொரு காலேஜ்காரன் அவன்கிட்டப் பேசக்கூட இந்தக் கோச்சோட சம்மதம் வேணும். பண்ணையாள் வேற பண்ணைக்குப் போக ஆண்டையோட உத்தரவு வாங்கின காலம் எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். அதைவிட இது எந்த விதத்துல உசத்தின்னு எனக்குத் தெரியல.

2018 அக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ணு வந்துச்சு. போக நினைக்கிறவன் பேரைப் பதிஞ்சா போதும், யார் வேணும்னாலும் கூப்பிடலாம். 2021 ஏப்ரல்ல, முதல் தடவை மாறுறவன் உட்கார வேண்டாம்னு விதி மாத்தினாங்க. 2024-ல, படிப்பு ஒழுங்கா இருந்தா எத்தனை தடவை மாறினாலும் உடனே ஆடலாம்னாங்க. இதுவும் அவங்க மனசு இரங்கிக் கொடுத்தது இல்லைங்க, அதுக்கு முந்தின டிசம்பர்ல கோர்ட் தடை போட்டுச்சு, அதுக்கப்புறம் வந்தது. 2025 ஜூலையிலேர்ந்து காலேஜே பசங்களுக்கு நேரா பணம் கொடுக்கலாம், முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு சுமார் ரெண்டு கோடியே அஞ்சு லட்சம் டாலர். இது எல்லா விளையாட்டுப் பசங்களுக்கும் சேர்த்து. ஜார்ஜியா கோச் கிர்பி ஸ்மார்ட்டுக்கு 2022-லேயே பத்து வருஷத்துக்கு 11 கோடியே 25 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டாச்சு. அவர் ஒருத்தருக்கு.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஐ.டி.யில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறுறீங்க. அதுக்கு "ஸ்விட்ச்"னு அழகா ஒரு பேரு. புராஜெக்ட் கொடுக்காம பெஞ்சுல வெச்சா, நாலு மாசம் பொறுக்க மாட்டீங்க, ரெஸ்யூமை எடுத்துத் தூசி தட்டுறீங்க. தப்பே இல்லை, நானும் சந்தோஷப்படறேன். எங்க மாப்பிள்ளையும் அமெரிக்கா போய் மூணு கம்பெனி மாறிட்டார். எச்1பி டிரான்ஸ்ஃபர்னு சொல்லிட்டு வீட்ல கேக் வெட்டினாங்க. அங்க டிரான்ஸ்ஃபர்னா கேக்கு, இங்க டிரான்ஸ்ஃபர்னா சாபமா? உங்களுக்கு முப்பது வருஷம் வேலை பார்க்க நேரம் இருக்கு, அந்தப் பையனுக்கு இருக்கிறது நாலு.

குறை இல்லைன்னு நான் சொல்லல. போர்ட்டல்ல பேர் போட்ட உடனே பழைய காலேஜ் அவன் உதவித்தொகையை வேற ஆளுக்குக் கொடுத்துடலாம். புது இடம் கிடைக்காம நடுத்தெருவுல நிக்கிற பசங்க இருக்காங்க. ஜே.டி. டேனியல்ஸ்னு ஒருத்தன் யு.எஸ்.சி., ஜார்ஜியா, வெஸ்ட் வர்ஜீனியா, ரைஸ்னு நாலு காலேஜ் சுத்தினான். ஒவ்வொரு தடவை மாறும்போதும் படிச்ச பாடத்துல கொஞ்சத்தைப் புதுக் காலேஜ் ஏத்துக்காமப் போகலாம், டிகிரி தள்ளிப் போகும். எனக்கு அதுல நிஜமாவே வருத்தம்தான், இந்தப் பசங்கள்ல பெரும்பாலானவங்க என்.எஃப்.எல். பக்கமே போகப்போறதில்லை, கடைசியில கையில நிக்கிறது அந்தச் சான்றிதழ்தான். ஹர்ட்ஸ்கிட்டக் கத்துக்க வேண்டியது உட்கார்ந்ததை இல்லை, டிகிரியை முடிச்சுட்டுக் கிளம்பினதை. அதையெல்லாம் சரி பண்ண வழி சொல்லுங்க, கேக்கலாம்.

இன்னொண்ணு. ஜார்ஜியா 2022 ஜனவரியில அலபாமாவை 33-க்கு 18-னு ஜெயிச்சு, 1980 சீசனுக்கு அப்புறம் முதல் தடவையா சாம்பியன் ஆச்சு. அடுத்த வருஷமும் ஆச்சு. ரெண்டு தடவையும் குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பெனட். மாப்பிள்ளை வீட்டு ஹால்ல அவன் படம் மாட்டியிருக்கு. இந்த பெனட் 2017-ல உதவித்தொகை இல்லாம, சொந்தச் செலவுல சேர்ந்தவன். எதிரணி குவார்ட்டர்பேக் மாதிரி பயிற்சியில நடிச்சுக் காட்டுறதுதான் அவன் வேலை. முன்னாடி நிக்கிற வரிசையைப் பார்த்தான். 2018-ல கிளம்பி மிசிசிப்பியில ஒரு ரெண்டு வருஷக் காலேஜுக்குப் போய் ஆடினான். ஆடிக் காட்டின பின்னாடி, 2019-ல அதே ஜார்ஜியா உதவித்தொகை கொடுத்துத் திரும்பக் கூப்பிட்டுக்கிச்சு. போகாம அங்கேயே வரிசையில நின்னிருந்தா அந்த ஹால்ல யார் படம் இருக்கும்னு நான் கேட்டேன். மாப்பிள்ளை, "அது வேற மாமா"ன்னார். எது வேறன்னு இன்னும் சொல்லல.

பசங்க இப்படி மாறிக்கிட்டே இருந்தா ஆட்டமே கெட்டுடும், பழைய மாதிரி ஒரு வருஷம் உட்கார வைக்கணும்னு இப்பவும் சில கோச்சுங்க கேக்கறாங்க. வைக்கட்டுமே. கோச் வேலை மாறினாலும் அவரும் ஒரு வருஷம் சம்பளம் இல்லாம வீட்ல உட்காரணும், போறதுக்கு முன்னாடி அணியில இருக்கிற எல்லாப் பசங்ககிட்டயும் கையெழுத்து வாங்கணும்னு அதே தாள்ல எழுதட்டும். ரெண்டு விதியும் ஒரே நாள்ல அமலுக்கு வரட்டும்.